பத்து கணினி உள்ள ஆபீஸுக்கு நெட்வொர்க்: அடிப்படை, நன்மை, தொல்லை

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: ஆடிட்டர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள், பத்து கணினி, ஒரே ஒரு பிரிண்டர், ஃபைல் எல்லாம் பென்டிரைவில்தான் மேஜைக்கு மேஜை போகிறது. நெட்வொர்க் போடலாமா என்று விசாரிக்கும் பொறுப்பை ஆடிட்டர் உங்களிடம் கொடுத்திருக்கிறார். நெட்வொர்க் என்றால் அடிப்படையில் என்ன, நன்மை தீமை என்ன, வைஃபை போதுமா இல்லை கேபிள் இழுத்தே ஆக வேண்டுமா?

போடுங்கள். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பாடப்புத்தகத்தில் நன்மைகள் ஐந்து, தீமைகள் ஐந்து என்று இரண்டு பட்டியல் போட்டிருப்பார்களே, அதை மனப்பாடம் செய்துகொண்டு ஆடிட்டர் முன்னால் போய் நிற்காதீர்கள். அந்த இரண்டு பட்டியலும் தனித்தனி விஷயம் இல்லை. ஒரு ஃபைல் எல்லோர் கைக்கும் சுலபமாகப் போய்ச் சேருகிற அதே வழியில்தான் வைரஸும் போய்ச் சேருகிறது. எல்லோரும் ஒரே இடத்தில் வைத்து வேலை செய்வது வசதி, அந்த ஒரே இடம் படுத்துவிட்டால் எல்லோருக்கும் வேலை நின்றுபோகிறது. ஒவ்வொரு வசதியோடும் கூடவே என்ன வருகிறது என்று பார்த்து, அதற்கு ஒரு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் நெட்வொர்க்கைத் தொட வேண்டும்.

முதலில் அடிப்படை. கணினிகளையும் பிரிண்டரையும் ஒன்றோடொன்று இணைத்து, தரவைப் பகிர வைப்பதுதான் நெட்வொர்க். நீங்கள் இழுக்கப்போகிற கேபிளில் ஓடுவது ஈதர்நெட், அதாவது கணினிகள் கேபிள் வழியாகத் தரவு அனுப்பிக்கொள்கிற முறை. 1973-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் பாப் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் இருவரும் உருவாக்கியது. அங்கே ஆல்டோ என்ற மேஜைக் கணினிகள் ஒவ்வொருவருக்கும் வரப்போகின்றன, அத்தனை பேரும் லேசர் பிரிண்டரைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், அதற்கு ஒரு வழி தேவைப்பட்டது. உங்கள் ஆபீஸ் பிரச்சினையும் அச்சு அசலாக அதேதான். அன்றைக்கு அதன் வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். இன்று கடையில் வாங்குகிற சாதாரண நெட்வொர்க் ஸ்விட்ச்சே 1000 மெகாபிட் தரும்.

கேபிளில் தரவு எப்படிப் போகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நீங்கள் 5 எம்பி அளவுள்ள ஒரு பிடிஎஃப் அனுப்பினால் அது முழுதாகப் போவதில்லை. சுமார் 1500 பைட் அளவுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு, மூவாயிரத்துச் சொச்சம் பாக்கெட்டுகளாகப் போகிறது. ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் யார் அனுப்பியது, யாருக்குப் போக வேண்டும், வரிசையில் அதன் இடம் எது என்பது எழுதியிருக்கும். ஒரே கம்பியில் பத்துப் பேருடைய பாக்கெட்டும் மாறி மாறிப் போகலாம், ஒருவர் முடிக்கும் வரை மற்றவர் காத்திருக்க வேண்டாம். வழியில் ஒரு துண்டு தொலைந்தால் அதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். 1960-களில் அமெரிக்காவில் பால் பாரன், இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் இருவரும் ஒருவரை ஒருவர் அறியாமலேயே இந்த யோசனைக்கு வந்து சேர்ந்தார்கள். 1969 அக்டோபர் 29 அன்று இன்டர்நெட்டின் முன்னோடியான அர்பாநெட்டில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் செய்தி போனது. லாகின் என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்து போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்த கணினி நின்றுவிட்டது, பிறகுதான் முழுச் சொல்லும் போனது. தொலைந்த துண்டைத் திரும்பக் கேட்பது, வரிசைப்படி அடுக்குவது என்ற வேலைகளைச் செய்கிற டிசிபி ஐபி விதிமுறைகள் வின்ட் செர்ஃப், பாப் கான் இருவருடைய உழைப்பு. 1983 ஜனவரி 1 முதல் அர்பாநெட் அதற்கு மாறியது, இன்றுவரை எல்லாம் அதில்தான் ஓடுகிறது.

இப்போது உங்கள் ஆபீஸுக்குள் வருவோம். ஒவ்வொரு கணினியின் நெட்வொர்க் கார்டிலும் தயாரிப்பாளரே போட்டு அனுப்புகிற ஒரு எண் உண்டு, மேக் முகவரி என்பார்கள். பத்து கேபிளும் போய்ச் சேருகிற பெட்டிதான் ஸ்விட்ச். எந்த மேக் முகவரி எந்த ஓட்டையில் இருக்கிறது என்பதை அது தானே கற்றுக்கொண்டு, மூன்றாம் மேஜைக்குப் போகிற பாக்கெட்டை மூன்றாம் மேஜைக்கு மட்டும் அனுப்பும். பழைய ஹப் இருக்கிறதே, அது வந்ததை எல்லோருக்கும் அனுப்பிவிடும், இப்போது யாராவது மலிவாகக் கிடைக்கிறது என்று ஹப் கொடுத்தால் வாங்காதீர்கள். ஆபீஸுக்குள் இருக்கிற இந்தச் சின்ன வலையமைப்புக்குப் பெயர் லேன். இதற்கு இன்டர்நெட் வேண்டவே வேண்டாம் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பிராட்பேண்டு போனாலும் ஃபைல் பகிர்வும் பிரிண்டரும் பாட்டுக்கு வேலை செய்யும்.

வெளியே போக ரவுட்டர் வேண்டும். அங்கேதான் ஐபி முகவரி வருகிறது, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் கொடுக்கிற எண். உங்கள் கணினிகளுக்கு 192.168.1.10, 192.168.1.11 என்பது போன்ற முகவரிகள் கிடைக்கும். இதே எண்கள் பக்கத்துத் தெரு ஆபீஸிலும் இருக்கும், சிக்கல் இல்லை, ஏனென்றால் இவை உள்ளுக்குள் மட்டும் செல்லுபடியாகிறவை. ரவுட்டர் அடுக்குமாடிக் குடியிருப்பு வாட்ச்மேன் மாதிரி: வெளியுலகத்துக்கு ஒரே கதவு எண், உள்ளே எந்த வீட்டுக்கு வந்த பொருள் என்பது அவருக்குத் தெரியும். இந்த ஏற்பாடு வந்ததற்குக் காரணம் பற்றாக்குறை. பழைய ஐபி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான், உலகத்தில் உள்ள ஃபோன், கணினி, டிவிக்கெல்லாம் அது போதவில்லை. புதிய முறையான ஐபிவி6 அந்தக் குறையைத் தீர்க்க வந்தது.

முகவரியை ஒவ்வொரு கணினியிலும் போய் எழுத வேண்டியதில்லை, ரவுட்டரில் இருக்கிற டிஎச்சிபி தானாகக் கொடுத்துவிடும். பிரிண்டருக்கு மட்டும் மாறாத முகவரி கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு நாள் கரண்ட் போய் வந்ததும் பிரிண்டர் முகவரி மாறி, பத்துப் பேரும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். இணையதளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ், பால் மொக்காபெட்ரிஸ் 1983-ல் வடிவமைத்தது.

இவ்வளவு தெரிந்தாலே நெட் வரவில்லை என்று யாராவது சொல்லும்போது எங்கே கோளாறு என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். முதலில் கணினியின் பின்பக்கம் கேபிள் சொருகும் இடத்தில் லைட் எரிகிறதா பாருங்கள். எரியவில்லை என்றால் கேபிளோ அதன் முனையோ ஸ்விட்ச்சோ போயிருக்கிறது, சாஃப்ட்வேரைத் தொடாதீர்கள். எரிகிறது என்றால் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று ஆங்கிலத்தில் அடித்து முகவரியைப் பாருங்கள். 169.254 என்று ஆரம்பித்தால் டிஎச்சிபி-யிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை, விண்டோஸ் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சரியான முகவரி இருந்தால் அடுத்து அதே திரையில் ரவுட்டரின் முகவரிக்கு பிங் (ping) கொடுங்கள், இருக்கிறாயா என்று கேட்கிற கட்டளை அது. அது பதில் சொன்னால் ஆபீஸுக்குள் எல்லாம் சரி. பிறகு 8.8.8.8-க்கு பிங், அது வெளியே இன்டர்நெட்டில் இருக்கிற கூகுளின் முகவரி. அதுவும் பதில் சொல்லி, ஆனால் எந்த இணையதளமும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் டிஎன்எஸ்ஸில்தான் கோளாறு. உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு படியாகப் போவதுதான் முறை. நிறையப் பேர் எடுத்த எடுப்பில் ரவுட்டரை அணைத்துப் போடுகிறார்கள், அப்போது நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மற்ற ஒன்பது பேருக்கும் சேர்த்து நெட் போகிறது.

சரி, இதனால் உங்களுக்கு என்ன லாபம்? ஆடிட்டர் ஆபீஸுக்கு முதல் லாபம் ஒரே ஃபைல், ஒரே பிரதி. பென்டிரைவில் வேலை செய்தால் ஒரு கிளையன்டின் பேலன்ஸ் ஷீட் நான்கு கணினியில் நான்கு விதமாக இருக்கும், ஃபைனல், ஃபைனல் புதுசு, ஃபைனல் கடைசி என்று, கணக்கு தாக்கல் செய்கிற கடைசி நாளில் எது சரியானது என்று யாருக்கும் தெரியாது. பொது ஃபோல்டர் ஒன்று வந்துவிட்டால் அந்தத் தலைவலி போய்விடும். டாலியிலும் பல பேர் ஒரே கம்பெனிக் கணக்கை ஒரே நேரத்தில் திறந்து பதிவு போடலாம், அதற்குப் பல பேர் பயன்படுத்துகிற உரிமம் வேண்டும், ஒரு கணினிக்கான உரிமம் போதாது. பிரிண்டர், ஸ்கேனர், ஒரே பிராட்பேண்டு இணைப்பு எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளலாம், அதை விளக்க வேண்டியதில்லை. பெரிய லாபமாக நான் நினைப்பது பேக்கப். பத்துக் கணினியில் சிதறிக் கிடப்பதைத் தினமும் நகல் எடுக்க யாராலும் முடியாது. ஒரே இடத்தில் இருந்தால் இரவில் தானாக எடுக்க வைக்கலாம்.

ஆனால் பொது ஃபோல்டரை எவரிஒன் என்று எல்லோருக்கும் முழு உரிமை கொடுத்துத் திறந்து வைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கிற தப்பு. சீக்கிரம் வேலை முடிய வேண்டும் என்று ஆரம்பத்தில் அப்படிப் போட்டுவிட்டுப் போவார்கள், அப்புறம் யாரும் மாற்றுவதே இல்லை. நேற்று சேர்ந்த பையன் தெரியாமல் ஒரு ஃபோல்டரை இன்னொன்றுக்குள் இழுத்துவிட்டால் ஒரு கிளையன்டே காணாமல் போய்விடுவார். அதைவிட மோசம், பத்தில் ஒரு கணினியில் வைரஸ் வந்தால் அந்தக் கணினிக்கு எங்கெல்லாம் எழுத உரிமை இருக்கிறதோ அங்கெல்லாம் அதுவும் எழுதும். ஆளுக்கு ஒரு பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து, யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்று ஆடிட்டரை உட்காரவைத்து முதல் நாளே எழுதி வாங்குங்கள். சம்பளக் கணக்கும் ஆடிட்டரின் சொந்த ஃபைல்களும் தனி.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2017 மே 12 அன்று, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வானாக்ரை வைரஸ் பரவியதே, அதைச் செயல்படுத்த எவரும் எந்த இணைப்பையும் சொடுக்க வேண்டியிருக்கவில்லை. விண்டோஸ் கணினிகள் ஃபைல் பகிர்ந்துகொள்கிற எஸ்எம்பி வசதியில் இருந்த ஒரு ஓட்டை வழியாகக் கணினியிலிருந்து கணினிக்குத் தானே தாவியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனை அமைப்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாயின. இதில் வேதனை என்னவென்றால் அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள்.

அடுத்த மாதம் ஜூன் 27 அன்று வந்த நாட்பெட்யா வைரஸின் கதை உங்கள் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது. உக்ரைனில் பல நிறுவனங்கள் வரிக் கணக்குத் தாக்கல் செய்யப் பயன்படுத்திய எம்இடாக் என்ற மென்பொருளின் அப்டேட்டுக்குள்தான் அதை நுழைத்திருந்தார்கள். ஒரு கணினிக்குள் வந்ததும் அதில் கிடைத்த பாஸ்வேர்டுகளை எடுத்துக்கொண்டு நெட்வொர்க்கில் உள்ள மற்றவற்றுக்குள் போனது. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் 45,000 கணினிகளையும் 4,000 சர்வர்களையும் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. அதன் பயனர் விவரங்களை வைத்திருந்த சர்வர்கள் உலகம் முழுவதும் ஒன்றையொன்று நகலெடுத்துக்கொள்கிறவை, ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்ற நம்பிக்கையில் அமைத்தவை. எல்லாமே ஒரே நேரத்தில் போயின. கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் அந்த நேரத்தில் கரண்ட் இல்லாததால் ஒரு சர்வர் நெட்வொர்க்கில் இல்லை, அதனால் தப்பியது. அதை வைத்துத்தான் மற்றதை மீட்டார்கள்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: பேக்கப் எடுத்த ஹார்டுடிஸ்க் எப்போதும் நெட்வொர்க்கிலேயே சொருகியிருந்தால் அது பேக்கப் இல்லை. இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒரு வாரம் ஒன்று, மறு வாரம் மற்றது. பயன்பாட்டில் இல்லாததைக் கழற்றி ஆடிட்டர் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள், ஆபீஸில் தீயோ வெள்ளமோ வந்தாலும் அது இருக்கும். மாதம் ஒரு தடவை அதிலிருந்து ஏதாவது ஒரு கிளையன்டின் ஃபோல்டரை எடுத்துத் திறந்து பாருங்கள். பேக்கப் முடிந்தது என்று செய்தி மட்டும் வந்துகொண்டிருந்து, உள்ளே வெறும் காலி ஃபைல்களாக இருந்த ஆபீஸ்கள் உண்டு.

இன்னொரு தொல்லை, ஒரே இடத்தில் கை வைத்தால் மொத்தமும் நிற்பது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் காணாமல் போனது நினைவிருக்கும். பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய உள் நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டது, அதோடு அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்களுக்கான வழியும் இன்டர்நெட்டிலிருந்து மறைந்துவிட்டது. சரிசெய்ய வேண்டிய கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியே இருந்ததால் ஆட்கள் நேரில் போய்த்தான் வேலை பார்க்க வேண்டியிருந்தது. உங்கள் ஆபீஸில் இதுவே சின்ன அளவில் நடக்கும். மேஜைக்கடியில் ஒரு கேபிள் முனை தொங்கிக்கொண்டிருக்கும், பெருக்க வந்தவர் நல்ல எண்ணத்தில் அதை எடுத்துப் பக்கத்தில் காலியாக இருந்த ஓட்டையில் சொருகிவிடுவார். அதன் மறுமுனையும் அதே ஸ்விட்ச்சில் இருந்தால் எல்லோருக்குமாகப் போகிற பாக்கெட்டுகள் வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பெருகி, சில நொடிகளில் பத்துக் கணினியும் நின்றுபோகும். ஸ்விட்ச்சில் எல்லா லைட்டும் ஒரே மாதிரி வெறிபிடித்தாற்போல மின்னினால் முதலில் இதைத்தான் தேட வேண்டும். இந்தச் சுழலைத் தடுக்கிற வழியை 1985-லேயே ரேடியா பெர்ல்மன் என்ற பெண் பொறியாளர் கண்டுபிடித்துவிட்டார், ஸ்பேனிங் ட்ரீ என்று பெயர். மலிவான ஸ்விட்ச் பலவற்றில் அது இருப்பதில்லை. கொஞ்சம் கூடக் கொடுத்து, இருக்கிறதை வாங்குங்கள். அப்படியே ஸ்விட்ச்சுக்கும் ரவுட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ். கணினிக்கெல்லாம் யுபிஎஸ் வைத்துவிட்டு இந்த இரண்டை மறந்துவிடுகிறார்கள், கரண்ட் போனதும் கணினி ஓடும், ஆனால் பொது ஃபோல்டரில் திறந்து வைத்திருந்த கணக்கு பாதியில் அறுந்து கெட்டுப்போகும்.

இப்போது வைஃபை. பத்துப் பேர் நாள் முழுக்கப் பொது ஃபோல்டரில் வேலை செய்கிற இடத்துக்குக் கேபிள்தான். கேபிளில் ஒவ்வொரு கணினிக்கும் ஸ்விட்ச் வரை தனிப் பாதை. வைஃபையில் ஒரே அலைவரிசையை எல்லோரும் பகிர்கிறார்கள், ஒருவர் பேசும்போது மற்றவர்கள் சும்மா இருக்க வேண்டும், பெட்டியின் மேல் எவ்வளவு பெரிய எண் போட்டிருந்தாலும் அதைப் பத்தால் பங்கு போட வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான், பக்கத்துக் கடைகளுடைய வைஃபையும் அதே மூன்றில்தான் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் நம்மூர்ச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். வைஃபை வேண்டும்தான், லேப்டாப்போடு வருகிறவர்களுக்கும் ஃபோனுக்கும். கிளையன்ட் வந்து பாஸ்வேர்டு கேட்டால் கொடுக்க விருந்தினர் வைஃபை என்று ரவுட்டரில் தனியாக இருக்கும், அதைப் போட்டுக் கொடுங்கள், ஆபீஸ் வைஃபையைக் கொடுத்தால் அவர் ஃபோனில் இருப்பதும் உங்கள் லேனுக்குள் வந்துவிடும். ரவுட்டரோடு வந்த நிர்வாகப் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். உங்களிடம் கிளையன்டுகளின் பான், ஆதார், வங்கி விவரம் எல்லாம் இருக்கிறது, அது வெளியே போனால் அவர்களிடம் சொல்ல ஒரு சமாதானமும் இருக்காது.

கேபிளில் கேட் 6 (Cat 6) என்ற தரம் போதும், சுத்தமான செம்பு என்று கேட்டு வாங்குங்கள், அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதை அதே விலையில் தள்ளிவிடுவார்கள். ஸ்விட்ச்சிலிருந்து கணினி வரை 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, உங்கள் ஆபீஸில் அந்தக் கவலை வராது. எதிர்க் கட்டடத்துக்கும் இணைப்பு வேண்டும் என்று பிற்பாடு கேட்டால் செம்புக் கேபிளை வெளியே தொங்கவிடாதீர்கள், ஐப்பசி இடிமின்னலில் இரண்டு பக்கமும் ஸ்விட்ச் கருகும், அங்கே ஒளியிழைக் கேபிளான ஃபைபர்தான் சரி.

வேலை முடித்த ஆளுக்குப் பணம் கொடுக்கும் முன் ஒவ்வொரு கணினியிலும் நெட்வொர்க் இணைப்பின் வேகம் என்ன காட்டுகிறது என்று நீங்களே பாருங்கள். 1.0 ஜிபிபிஎஸ் என்று இருக்க வேண்டும். கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு, 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், 1000-க்கு நான்கும் வேண்டும். முனையைச் சரியாகக் கிரிம்ப் செய்யாமல், அதாவது பிளக்கில் இறுக்காமல், மீதி இரண்டு ஜோடியில் ஒரு கம்பி தொடாமல் போனால் லைட் எரியும், நெட் வரும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும், ஆனால் வேகம் பத்தில் ஒரு பங்காக 100-ல் நின்றுவிடும். அப்படி ஒன்று காட்டினால் அந்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டச் சொல்லுங்கள், எந்த எண் எந்த மேஜை என்பதை ஒரு தாளில் எழுதி ஸ்விட்ச் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.